எஸ்ஏடியா, ஏசிடியா? மதிப்பெண் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்

அமெரிக்கக் கல்லூரிகளில் இளங்கலை படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில், பத்தாம் வகுப்பு முடிந்ததும் ஒரு கேள்வி எழுந்துவிடும். கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வாக எஸ்ஏடி எழுதுவதா, ஏசிடி எழுதுவதா? சொந்தக்காரர்கள், சீனியர் மாணவர்கள், பயிற்சி மையத்தினர் என்று ஆளுக்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். "ஏசிடி சுலபம்." "பெரிய யுனிவர்சிட்டி எல்லாம் எஸ்ஏடிதான் மதிப்பாங்க." "கணக்கு நல்லா வந்தா எஸ்ஏடி, சயின்ஸ் நல்லா வந்தா ஏசிடி." "அக்டோபர் பேப்பர் எப்பவும் கஷ்டம், மார்ச்ல எழுது." "இப்போ எல்லாம் எந்த டெஸ்டும் தேவையே இல்ல."

இவற்றில் மூன்றாவது பாதி சரி. மற்ற நான்கும் தவறு. ஆனால் இவற்றை நம்பித்தான் பல பிள்ளைகள் தங்களுக்குப் பொருந்தாத தேர்வுக்கு ஒரு வருடம் உழைக்கிறார்கள். இன்னும் சிலர் இரண்டுக்கும் படித்து இரண்டிலும் அரைகுறையாக நிற்கிறார்கள். இந்த மதிப்பெண்கள் எப்படி உருவாகின்றன என்பது புரிந்துவிட்டால், எதை எழுதுவது என்பது பெரிய குழப்பமாக இருக்காது. அதைத்தான் இங்கே அடியிலிருந்து பார்க்கப்போகிறோம்.

## இரண்டு தேர்வுகளும் என்ன?

எஸ்ஏடி தேர்வைக் காலேஜ் போர்டு என்ற லாபநோக்கற்ற அமைப்பு நடத்துகிறது. 1926 முதல் இருக்கிறது. மொத்த மதிப்பெண் 400இல் தொடங்கி 1600 வரை. இரண்டு பகுதிகள்: வாசிப்பும் எழுத்தும் சேர்ந்தது ஒன்று, கணிதம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் 200 முதல் 800 வரை.

ஏசிடி 1959இல் அயோவா மாநிலத்தில் பிறந்தது. அதன் அளவு 1 முதல் 36 வரை. ஆங்கிலம், கணிதம், வாசிப்பு ஆகிய மூன்றும் கட்டாயப் பகுதிகள். அறிவியல் முன்பு கட்டாயமாக இருந்தது. 2025இல் தேர்வை மாற்றியமைத்தபோது அதை விருப்பப் பகுதியாக்கிவிட்டார்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய அறிவுரைகள் பலவும் இந்த மாற்றத்துக்கு முன் எழுதப்பட்டவை. "ஏசிடியில் நான்கு பகுதிகளின் சராசரி" என்று எங்காவது படித்தால் அது பழைய கணக்கு.

எஸ்ஏடியும் மாறிவிட்டது. வெளிநாடுகளில் 2023 மார்ச்சிலும் அமெரிக்காவுக்குள் 2024 மார்ச்சிலும் அது முழுக்கக் கணினித் தேர்வானது. முன்பு 3 மணி நேரம், 154 வினாக்கள். இப்போது 2 மணி 14 நிமிடம், 98 வினாக்கள். அப்படிச் சுருக்க முடிந்ததற்குக் காரணம் உண்டு, அதைக் கொஞ்சம் தள்ளி விரிவாகப் பார்ப்போம்.

தேர்வு முடிவைக் கேட்கும் அமெரிக்கக் கல்லூரிகள் இரண்டையும் ஏற்கின்றன, ஒன்றுக்குக் கூடுதல் மதிப்புத் தருவதில்லை. ஹார்வர்டு, எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். "எஸ்ஏடிதான் மதிப்பு" என்ற பேச்சுக்குப் பின்னணி உண்டு. நெடுங்காலம் அமெரிக்காவின் இரு கடற்கரைப் பகுதிகளிலும் எஸ்ஏடியும், நடுப்பகுதி மாநிலங்களில் ஏசிடியும் பரவலாக இருந்தன. புகழ்பெற்ற பல கல்லூரிகள் கடற்கரைப் பக்கம் இருப்பதால் எஸ்ஏடியையும் புகழையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

## படியும் தராசும்

ஒரு மூட்டை அரிசி இருக்கிறது. ஒருவர் படியால் அளக்கிறார், இன்னொருவர் தராசில் நிறுக்கிறார். ஒருவர் "இத்தனை படி" என்பார், மற்றவர் "இத்தனை கிலோ" என்பார். அரிசி ஒன்றுதான். எந்த எண் பெரியது என்று கேட்பதில் பொருள் இல்லை. இரண்டையும் ஒப்பிட, ஒரு படி சுமார் எத்தனை கிலோ என்ற கணக்குத் தெரிய வேண்டும். அந்தக் கணக்கும் துல்லியமாக இருக்காது. படி அளப்பது கொள்ளளவை, தராசு அளப்பது எடையை. அரிசி சன்னமா மோட்டாவா என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் வித்தியாசப்படும். அதே ஆள் அதே அரிசியை அதே படியால் மறுபடி அளந்தாலும் ஒரு கைப்பிடி கூடும் அல்லது குறையும்.

எஸ்ஏடியும் ஏசிடியும் இப்படித்தான். இரண்டும் ஏறக்குறைய ஒரே திறமையை அளக்கின்றன: ஆங்கிலத்தில் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்வது, இலக்கணம் பிசகாமல் எழுதுவது, பள்ளிக் கணிதம். ஆனால் அளக்கும் விதம் வேறு. அதனால் ஒரே பிள்ளை ஒன்றில் சற்றுக் கூடவும் மற்றொன்றில் சற்றுக் குறையவும் வரலாம். எந்த அளவில் நம் பிள்ளையின் திறமை நன்றாகத் தெரிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்கு இரண்டு அளவும் எப்படி இயங்குகின்றன என்று தெரிய வேண்டும்.

## ஏசிடி மதிப்பெண் எப்படி வருகிறது?

இது எளிது. ஒரு நாளில் ஒரே வினாத்தாள் பெற்ற எல்லோருக்கும் ஒரே வினாக்கள். ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை சரி என்று எண்ணுவார்கள். இந்த எண்ணிக்கைக்குக் கச்சா மதிப்பெண் என்று பெயர். அதை ஓர் அட்டவணையின் உதவியால் 1 முதல் 36 வரையான அளவில் மாற்றுவார்கள். பிறகு ஆங்கிலம், கணிதம், வாசிப்பு மூன்றின் சராசரியை முழு எண்ணாக்குவார்கள். அந்தச் சராசரியை காம்போசிட் என்பார்கள்.

முழு எண்ணாக்கும் இடத்தைக் கவனியுங்கள். ஒரு மாணவிக்கு ஆங்கிலம் 33, கணிதம் 29, வாசிப்பு 32 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 94, சராசரி 31.33, ஆகவே காம்போசிட் 31. கணிதத்தில் ஒரே ஒரு புள்ளி கூடி 30 வாங்கியிருந்தால் சராசரி 31.67, காம்போசிட் 32. ஒன்றிரண்டு வினாக்களின் வித்தியாசம் மொத்த மதிப்பெண்ணில் ஒரு படி ஏற்றிவிடுகிறது. அதனால் 31க்கும் 32க்கும் நடுவே பெரிய திறமை இடைவெளி இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அறிவியல் பகுதியைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. இயற்பியல், வேதியியல் பாடங்களைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான வினாக்கள் வரைபடம், அட்டவணை, பரிசோதனைக் குறிப்பு ஆகியவற்றை வேகமாகப் படித்துப் பதில் சொல்பவை. ஜேஇஇக்குப் படித்த பிள்ளைக்கு இங்கே தனிச் சலுகை எதுவும் கிடையாது. மேலே சொன்ன மூன்றாவது அறிவுரையின் தவறான பாதி இதுதான்.

## எஸ்ஏடி மதிப்பெண் எப்படி வருகிறது?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். பெரும்பாலான குழப்பம் பிறப்பது இந்த இடத்தில்தான்.

எஸ்ஏடியின் ஒவ்வொரு பகுதியும் இரண்டு பாகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பாகத்துக்கு மாட்யூல் என்று பெயர். வாசிப்பு–எழுத்தில் ஒரு மாட்யூலுக்கு 27 வினாக்கள், 32 நிமிடம். கணிதத்தில் 22 வினாக்கள், 35 நிமிடம். முதல் மாட்யூலில் சுலபம், நடுத்தரம், கடினம் எல்லாம் கலந்து வரும். அதை நீங்கள் எழுதியதைப் பார்த்து, இரண்டாவது மாட்யூலாகக் கடினமானதைக் கொடுப்பதா சற்று எளியதைக் கொடுப்பதா என்று மென்பொருள் முடிவுசெய்யும். இப்படி, எழுதுபவரின் திறமைக்கேற்ப வினாக்களை மாற்றிக்கொள்ளும் தேர்வை அடாப்டிவ் தேர்வு என்கிறார்கள்.

ஏன் இப்படி? நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளையிடம் பத்துச் சுலபமான வினாக்களைக் கேட்டால் பத்துக்கும் சரியாகவே பதில் வரும். அந்தப் பிள்ளையைப் பற்றி நமக்குப் புதிதாக எதுவும் தெரியாது. திணறும் பிள்ளையிடம் பத்துக் கடின வினாக்கள் கேட்டாலும் அப்படித்தான். ஒருவரின் நிலைக்கு அருகில் இருக்கிற வினாக்கள்தான் அவரைப் பற்றி அதிகம் சொல்லும். பயனற்ற வினாக்களைக் குறைத்துவிட்டால், குறைந்த நேரத்திலேயே போதுமான அளவு துல்லியமாக அளந்துவிடலாம். 154 வினாக்கள் 98 ஆனது இப்படித்தான்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் கிளைக்கின்றன.

முதலாவது, எளிய இரண்டாவது மாட்யூல் கிடைத்தவருக்கு உச்சமதிப்பெண் கிடைக்காது. மதிப்பெண்ணுக்கு ஒரு மேல்வரம்பு வந்துவிடும். அதனால் முதல் மாட்யூலை அவசரத்தில் கோட்டைவிடக் கூடாது. அதேபோல, இரண்டாவது மாட்யூல் திடீரென்று கடினமாகிவிட்டால் பதறவும் கூடாது, முதல் மாட்யூலை நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்பதற்கான அடையாளம் அது. தேர்வு முடிந்து அழுதுகொண்டு வெளியே வரும் பிள்ளைகளிடம் பெற்றோர் இதைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, சரியான பதில்களை எண்ணி மதிப்பெண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. எந்த வினா, அது எவ்வளவு கடினம், உங்கள் சரி–தவறுகள் எந்தெந்த வினாக்களில் விழுந்திருக்கின்றன என்பதையெல்லாம் சேர்த்து, "இப்படி எழுதியவரின் திறமை பெரும்பாலும் இந்த அளவில் இருக்கும்" என்று கணிக்கிறார்கள். சரியான பதில்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும் இருவருக்கு வேறு வேறு மதிப்பெண் வரலாம். இதைப் புரிந்துகொள்ளாமல், "எனக்கும் அவனுக்கும் ஒரே அளவு தப்பு, ஆனா அவனுக்கு 30 மார்க் கூட" என்று மனம் குமைவதில் பயனில்லை.

மூன்றாவது, இரு பகுதிகளும் தனித்தனியாக மாறும். கணிதத்தில் கடின மாட்யூலும் வாசிப்பில் எளிய மாட்யூலும் ஒரே ஆளுக்கு வரலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எஸ்ஏடி, ஏசிடி இரண்டிலும் நெகட்டிவ் மார்க் கிடையாது. நீட், ஜேஇஇக்குப் பழகிய நம் பிள்ளைகள் தெரியாத வினாவை விட்டுவிடும் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவருகிறார்கள். விடக் கூடாது. எந்த வினாவையும் காலியாக வைக்காதீர்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஏசிடியில் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், எண்ணிக்கையை மாற்றி, சராசரி எடுக்கிறார்கள். எஸ்ஏடியில் வினாத்தாளே எழுதுபவருக்கேற்ப மாறுகிறது, மதிப்பெண் என்பது ஒரு கணிப்பு. இரண்டிலும் கிடைக்கும் எண், ஓர் அளவுகோலில் நீங்கள் இருக்கும் இடம். நூற்றுக்கு எத்தனை வாங்கினோம் என்பது போன்ற மதிப்பெண் இல்லை.

## "அந்த மாசப் பேப்பர் கஷ்டம்"

எந்த மாதம் எழுதினால் சுலபமாக இருக்கும் என்று தேடுபவர்கள் ஏராளம். இந்தத் தேடல் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் வினாக்கள் வேறு என்பதால் கடினத்தில் சின்ன ஏற்றத்தாழ்வு இருக்கத்தான் செய்யும். அதைச் சரிக்கட்டுவதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. அதன் பெயர் ஈக்வேட்டிங், அதாவது சமன்செய்தல். வினாத்தாள் சற்றுக் கடினமாக இருந்தால் குறைந்த எண்ணிக்கையில் சரியாக எழுதினாலும் அதே மதிப்பெண் கிடைக்கும். சுலபமாக இருந்தால் ஒரு தவறுக்கே அதிகம் இழக்க நேரும். மார்ச்சில் வாங்கிய 1400ம் அக்டோபரில் வாங்கிய 1400ம் ஒரே பொருள் தர வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இது ஜேஇஇ மெயினின் பர்சன்டைல் முறை இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பர்சன்டைல் என்பது நூறு பேரில் எத்தனை பேர் உங்கள் அளவிலோ உங்களுக்குக் கீழேயோ இருக்கிறார்கள் என்று சொல்லும் எண். ஜேஇஇயில், உங்களோடு அதே ஷிஃப்டில் எழுதியவர்களை வைத்து அதைக் கணக்கிடுகிறார்கள். எஸ்ஏடியிலோ ஏசிடியிலோ உங்கள் மதிப்பெண் அன்றைக்கு யார் யார் எழுதினார்கள் என்பதைப் பொறுத்து மாறாது. அறையில் மேதைகள் நிறைந்திருந்தாலும் உங்கள் எண் குறையாது. மதிப்பெண் அறிக்கையில் பர்சன்டைலும் அச்சாகியிருக்கும், ஆனால் அது கூடுதல் தகவல்தான்.

ஆகவே பிள்ளையின் பள்ளித் தேர்வு, பாடச்சுமை, உடல்நிலை ஆகியவற்றைப் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

## படியைக் கிலோவாக்கும் அட்டவணை

இப்போது ஒப்பிடுவோம். 2018இல் காலேஜ் போர்டும் ஏசிடி அமைப்பும் சேர்ந்து ஓர் ஒப்பீட்டு அட்டவணை வெளியிட்டன. இரண்டு தேர்வுகளையும் எழுதியவர்களின் மதிப்பெண்களைக் கொண்டு, எஸ்ஏடியின் எந்த எண் ஏசிடியின் எந்த எண்ணுக்கு நிகர் என்று கண்டார்கள். கல்லூரிகளும் இதைத்தான் பயன்படுத்துகின்றன. மேல்பகுதி இப்படிப் போகிறது:

1570 முதல் 1600 வரை: ஏசிடி 36
1530 முதல் 1560 வரை: 35
1490 முதல் 1520 வரை: 34
1450 முதல் 1480 வரை: 33
1420 முதல் 1440 வரை: 32
1390 முதல் 1410 வரை: 31
1360 முதல் 1380 வரை: 30

ஒவ்வொரு ஏசிடி எண்ணுக்கும் எதிரே எஸ்ஏடியில் ஒரு நீளமான வரம்பு இருக்கிறது, பாருங்கள். 1530 வாங்கியவரும் 1560 வாங்கியவரும் இந்தக் கணக்குப்படி ஒரே இடத்தில் இருக்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வில் கட்–ஆஃப் 200க்கு அரை மதிப்பெண் குறைந்தால் தரவரிசையில் வெகுதூரம் கீழே போய்விடுவோம். அந்தப் பழக்கத்தில் இங்கும் பத்துப் பத்துப் புள்ளிகளுக்காக மறுபடி மறுபடி எழுதுகிறார்கள். அமெரிக்கத் தனியார் கல்லூரிகளில் தரவரிசைப் பட்டியல் என்ற ஒன்றே கிடையாது. பள்ளி மதிப்பெண், எடுத்த பாடங்கள், கட்டுரைகள், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் இந்த எண்ணைப் படிப்பார்கள். அவர்களுடைய பாடத்தைச் சமாளிக்கும் அளவுக்கு அடித்தளம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் முக்கியப் பயன்.

படியால் மறுபடி அளந்தால் ஒரு கைப்பிடி மாறும் என்றோமே, அதுவும் இங்கே உண்டு. கூடுதலாக எதுவும் படிக்காமல் அதே பிள்ளை அடுத்த வாரம் எழுதினாலும் எஸ்ஏடியில் சில பத்துப் புள்ளிகள் முன்பின் ஆகலாம். இதற்கு அளவைப் பிழை என்று பெயர். எல்லா அளவீட்டிலும் இருக்கும் இயல்பு இது. மதிப்பெண் அறிக்கையில் ஒரே எண்ணோடு ஒரு வரம்பையும் சேர்த்துக் காட்டுவது இதற்காகத்தான்.

அட்டவணையில் ஒரு குறையும் இருக்கிறது. 2018க்குப் பிறகு இரண்டு தேர்வுகளின் வடிவமும் மாறிவிட்டது. அதனால் இதைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு படி வித்தியாசத்தை வைத்துப் பெரிய முடிவு எடுக்க வேண்டாம்.

## எந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும்?

சுலபம், கஷ்டம் என்ற பேச்சை விட்டுவிட்டால் மிஞ்சுவது இரண்டு வித்தியாசங்கள்தான்: வேகம், கணிதத்தின் பங்கு.

வேகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். எஸ்ஏடி வாசிப்பு–எழுத்தில் ஒரு வினாவுக்குச் சராசரியாக 71 நொடி, கணிதத்தில் 95 நொடி கிடைக்கிறது. புதிய ஏசிடியில் ஆங்கிலம் 35 நிமிடத்தில் 50 வினாக்கள், அதாவது வினாவுக்கு 42 நொடி. கணிதம் 50 நிமிடத்தில் 45, வாசிப்பு 40 நிமிடத்தில் 36. இரண்டிலும் வினாவுக்குச் சுமார் 67 நொடி. பழைய ஏசிடி இன்னும் ஓட்டமாக இருந்தது, 2025 மாற்றத்தில் தளர்த்தியிருக்கிறார்கள். இருந்தாலும் எஸ்ஏடியைவிட ஏசிடியில் வேகம் கூடுதலாகத்தான் வேண்டும்.

வேகத்தோடு வாசிப்பின் நீளமும் சேர்ந்துகொள்கிறது. எஸ்ஏடியில் 25 முதல் 150 சொற்கள் வரையான சின்னப் பத்தி, அதற்கு ஒரே வினா. அடுத்த வினாவுக்கு வேறு பத்தி. ஏசிடி வாசிப்பில் நீண்ட உரைகள், ஒவ்வொன்றுக்கும் பல வினாக்கள். ஒரு விஷயத்துக்குள் நுழைந்து அதிலேயே நிற்கப் பிடிக்கும் பிள்ளைக்கு ஏசிடி இதமாக இருக்கும். நீண்ட உரையில் கவனம் சிதறும் பிள்ளைக்கு எஸ்ஏடி நல்லது. ஆனால் எஸ்ஏடியின் சின்னப் பத்திகள் சின்னவையாக இருப்பதால் எளிமையானவை என்று எண்ண வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிதை வரி, அறிவியல் ஆய்வுச் சுருக்கம் என்று ஒவ்வொன்றும் அடர்த்தியாக இருக்கும். தமிழ்வழியிலோ மாநிலப் பாடத்திட்டத்திலோ படித்து ஆங்கில வாசிப்பு குறைவாக உள்ளவர்கள் திணறுவது கணிதத்தில் இல்லை, இங்கேதான். இதற்குக் குறுக்குவழி கிடையாது. பத்தாம் வகுப்பிலிருந்து தினமும் ஆங்கிலத்தில் ஏதாவது கனமாகப் படிக்க ஆரம்பிப்பதுதான் ஒரே வழி.

அடுத்து கணிதத்தின் பங்கு. எஸ்ஏடி மொத்தத்தில் கணிதம் சரிபாதி. ஏசிடி காம்போசிட்டில் மூன்றில் ஒரு பங்கு. மொழி சார்ந்த பகுதிகளுக்கு மூன்றில் இரண்டு. கணிதத்தில் 780ம் வாசிப்பு–எழுத்தில் 640ம் வாங்கக்கூடிய மாணவனுக்கு எஸ்ஏடி அளவில் அவனுடைய பலம் முழு எடையோடு தெரிகிறது. அதே மாணவன் ஏசிடியில் பலவீனமான பக்கத்தை இரண்டு முறை சுமக்க வேண்டியிருக்கும். ஆங்கிலம் சரளமாக வந்து கணிதம் சுமாரான மாணவிக்கு இது அப்படியே தலைகீழ். "கணக்கு நல்லா வந்தா எஸ்ஏடி" என்பது பாதி சரி என்றேனே, அது இதனால்தான்.

கணிதப் பாடத்திலும் சிறு வேறுபாடு உண்டு. எஸ்ஏடியில் இயற்கணிதம் அதிகம். சூத்திரத் தாள் திரையிலேயே இருக்கும், டெஸ்மாஸ் வரைபடக் கால்குலேட்டரும் இருக்கும். சுமார் கால் பங்கு வினாக்களுக்கு விடையை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். ஏசிடியில் எல்லாம் கொள்குறி வினாக்கள், பாடப்பரப்பு சற்று அகலம், சூத்திரங்களை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

தாளில் எழுதத்தான் பிடிக்கும் என்றால், அமெரிக்காவுக்குள் ஏசிடியைத் தாளிலும் எழுதலாம். இந்தியா போன்ற வெளிநாடுகளில் இரண்டும் கணினியில்தான்.

இத்தனையும் படித்துவிட்டு மனக்கணக்கில் முடிவுசெய்யாதீர்கள். எழுதிப் பார்ப்பதுதான் வழி. எஸ்ஏடிக்குப் புளூபுக் என்ற செயலியிலும், ஏசிடிக்கு அவர்களுடைய தளத்திலும் முழு மாதிரித் தேர்வுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் ஒரு முறை, சரியான நேரக் கணக்கோடு, வெவ்வேறு நாளில், காலையில் எழுதச் சொல்லுங்கள். பிறகு அட்டவணையைப் பாருங்கள். எஸ்ஏடி 1380, ஏசிடி 32 என்று வந்தால், 1380க்கு நிகர் 30. ஏசிடி இரண்டு படி மேலே, அதையே எடுக்கலாம். எஸ்ஏடி 1450, ஏசிடி 33 என்று வந்தால் இரண்டும் சமம். அப்போது எந்தத் தேர்வு மையம் பக்கத்தில் இருக்கிறது, எதை எழுதும்போது பதற்றம் குறைவு என்று பாருங்கள். அந்த நிலையில் எதை எடுத்தாலும் தவறில்லை.

இந்த இடத்தில் ஒரு சின்ன நினைவூட்டல்: கல்லூரிக்கு இரண்டும் ஒன்றே, வேறுபாடு வேகத்திலும் கணிதத்தின் பங்கிலும் இருக்கிறது, முடிவு மாதிரித் தேர்விலிருந்து வர வேண்டும்.

## தேர்வே தேவையில்லையா?

2020இல் கொரோனாவால் தேர்வு மையங்கள் மூடப்பட்டன. பெரும்பாலான கல்லூரிகள் டெஸ்ட் ஆப்ஷனல் முறைக்கு மாறின, அதாவது மதிப்பெண்ணை அனுப்புவதும் அனுப்பாததும் விண்ணப்பிப்பவர் விருப்பம். "இப்போ எதுவும் தேவையில்ல" என்ற பேச்சு அன்றையது. அதன்பின் நிலைமை மாறிவிட்டது. எம்ஐடி 2022இலேயே தேர்வைத் திரும்பக் கட்டாயமாக்கியது. 2024இல் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம் எல்லாம் திரும்பின. யேல் அதே ஆண்டில், எஸ்ஏடி, ஏசிடி, அல்லது பள்ளிப்படிப்பில் பாடவாரியாக எழுதும் ஏபி, ஐபி தேர்வுகள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் தந்தால் போதும் என்றது. கொலம்பியா 2023இல் டெஸ்ட் ஆப்ஷனலாகவே தொடர்வதாக அறிவித்தது. கலிபோர்னியா பல்கலைக்கழக அமைப்பு, அதாவது பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் முதலான வளாகங்கள், சேர்க்கை முடிவுக்கு மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை, அனுப்பினாலும் பயனில்லை. இதை டெஸ்ட் பிளைண்ட் என்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தையும், நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு உரியதைத்தானா பார்க்கிறோம் என்று உறுதிசெய்துகொண்டு படியுங்கள். ஏசிடி அறிவியல் பகுதி வேண்டுமா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் ஆப்ஷனல் கல்லூரிக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதில் ஒரு பொறி இருக்கிறது. கல்லூரிகள் நடுப்பாதி வரம்பு என்ற ஒன்றை வெளியிடும். சேர்ந்த மாணவர்களில் மேலே இருக்கும் கால்வாசிப் பேரையும் கீழே இருக்கும் கால்வாசிப் பேரையும் தள்ளிவிட்டு, நடுவில் உள்ளவர்களின் மதிப்பெண் எதிலிருந்து எது வரை என்று சொல்வது அது. விருப்பம் என்று ஆனதும் அதிகம் வாங்கியவர்கள் மட்டும் அனுப்பினார்கள். அதனால் வரம்பு மேலே ஏறியது. அதைப் பார்த்து அடுத்த ஆண்டு இன்னும் பலர் அனுப்பாமல் விட்டார்கள். வரம்பு மறுபடி ஏறியது. மாணவர்களின் தரம் மாறாமலே எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

இதில் அடிபட்டவர்கள் வசதி குறைந்த பிள்ளைகள். டார்ட்மத் தன் விண்ணப்பங்களை ஆராய்ந்தபோது, 1400களில் வாங்கிய, பின்தங்கிய சூழலிலிருந்து வந்த பலர் தங்கள் மதிப்பெண்ணை மறைத்திருந்தது தெரிந்தது. அனுப்பியிருந்தால் அவர்களுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடியிருக்கும். சாதாரணப் பள்ளியிலிருந்து, தனிப்பயிற்சி இல்லாமல் வரும் 1420ஐ, வசதியான பள்ளியிலிருந்து வரும் 1420ஐப் போல அவர்கள் படிப்பதில்லை. பிள்ளை படித்த சூழலோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். கட்டாயமாக்கியதற்கு டார்ட்மத் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. நம் ஊர்ச் சின்னப் பள்ளிகளிலிருந்து விண்ணப்பிப்பவர்களும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வரம்புக்குச் சற்றுக் கீழே இருக்கிறது என்பதற்காக, கூசி, நல்ல மதிப்பெண்ணை மறைத்துவிடாதீர்கள்.

## எப்போது, எத்தனை முறை?

முன்கூட்டிய விண்ணப்பங்களுக்கான கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 1, வழக்கமானவற்றுக்கு ஜனவரி 1ஐ ஒட்டி. ஆகவே எஸ்ஏடி என்றால் பதினோராம் வகுப்பு மார்ச் அல்லது மே மாதத்தில் முதல் முறையும், தேவைப்பட்டால் ஆகஸ்ட் அல்லது அக்டோபரில் இன்னொரு முறையும் எழுதுவது வசதி. இந்தியாவில் இருக்கைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். பதிவு திறந்ததும் முடித்துவிடுங்கள். எந்த அடையாள ஆவணம் ஏற்பார்கள் என்ற விதியைப் பதிவின்போதே படித்துவிடுங்கள், தேர்வு நாளன்று அதில் சமரசம் கிடையாது.

இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று முறைக்கு மேல் எழுதுவதில் பலன் குறைவு. ஏற்றம் என்று நினைப்பது பல நேரம் அளவைப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும்.

பல கல்லூரிகள் சூப்பர்ஸ்கோர் முறையைப் பின்பற்றுகின்றன. வெவ்வேறு நாளில் எழுதியதில் ஒவ்வொரு பகுதியிலும் கிடைத்த அதிகபட்சத்தைச் சேர்த்துக்கொள்வது அது. மார்ச்சில் கணிதம் 760, வாசிப்பு 650. ஆகஸ்டில் கணிதம் 720, வாசிப்பு 700 என்றால், கணக்கில் வருவது 760ம் 700ம் சேர்ந்த 1460. ஆனால் எஸ்ஏடி கணிதத்தையும் ஏசிடி வாசிப்பையும் இப்படி ஒட்ட முடியாது. இரண்டு தேர்விலும் ஒவ்வொரு முறை எழுதியவருக்கு இந்த வாய்ப்பே இல்லாமல் போகிறது. ஒரே தேர்வை இரண்டு முறை எழுதியவருக்குக் கிடைக்கிறது. மாதிரித் தேர்வுக்குப் பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றதன் புத்தகங்களை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.